நிலா பிளக்ஸில் தேடப்பட்டவர்கள்

ரைஸ்மில் பால்ராஜின் படத்தைத் தேடி, நிலா பிளக்ஸ் கடையில் டிசைன் போடும் முத்துப்பேச்சி கம்ப்யூட்டரில் அவர் பேரைத் தட்டிய அன்றைக்குப் படம் வரவில்லை, பால்ராஜ் வந்தார். சலூன் நாற்காலியிலிருந்து எழுந்த கோலத்தில், கழுத்தில் வெள்ளைத் துணியும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையும் அப்படியே இருக்க, செருப்பைக்கூட மாட்டாமல், தார் உருகும் வெயிலில் பஜார் நீளத்துக்கும் நடந்து வந்து, கடை வாசலில் நின்று, "என்னையத் தேடுனியளா?" என்று கேட்டார். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவருக்குத் தெரியாமல் பேனர் அடிக்க வந்திருந்த இரண்டு மகன்களும் திருதிருவென்று விழித்தார்கள். பால்ராஜ் மகன்களைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், "உள்ளங்கால்ல ஒரு நமைச்சல் எடுத்துச்சு, நடந்தாத்தான் அடங்கும்போல இருந்துச்சு, நடந்தேன், இங்கன வந்ததும் நின்னுருச்சு" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கன்னத்தைச் சிரைத்துக்கொள்ளத் திரும்பிப் போனார்.

முள்ளிக்கோட்டையில் பிள்ளை பிறந்தால் பிளக்ஸ், காது குத்தினால் பிளக்ஸ், பெண் பெரியவளானால், பையன் பத்தாம் வகுப்பு தேறினால், தேறாவிட்டாலும் மறுதேர்வில் தேறினால், கல்யாணம், வீடு பால்காய்ப்பு, கடைசியில் கண் மூடினால் கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் பிளக்ஸ்தான். சொந்தமாகப் பேனர் வைக்க வக்கில்லாதவர்கூட ஏதாவதொரு கோயில் கொடைத் திருவிழாப் பேனரின் கடைசி வரிசையில் தபால்தலை அளவில் கும்பிட்டபடி நின்றுகொண்டிருப்பார். இப்படி ஊர் மொத்தமும் கடை முதலாளி தவசிக்கனி அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்தது. இருந்து இருந்து அது நிரம்பி, இனி ஒரு மொட்டையடித்த குழந்தைக்குக்கூட இடமில்லை என்று ஆனபோது, அண்ணாச்சி பழைய ஃபைல்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிவிட்டார். ஃபைலின் பேர் மட்டும் பட்டியலில் நின்றது. பேருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேகப் படம் நின்றது. தேடினால் மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்க வரும் ஹென்றி முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டான். "ஃபைல் இங்கன இல்லக்கா, பேரு மட்டுந்தான் இருக்கு. இல்லாத ஃபைல கம்ப்யூட்டர் எப்படித் தேடும்? ஃபோல்டர் மேல வலது கிளிக் பண்ணி, எப்பவும் இந்தக் கம்ப்யூட்டர்லயே வைன்னு குடுத்தா எல்லாம் கீழ எறங்கும், மேகம் போயி பச்ச டிக் வரும். அப்புறம் தேடுற அட்டவணைய அழிச்சிட்டு முதல்லருந்து கட்டச் சொல்லணும். அம்புட்டுதான். ஆனா எறங்க எடம் வேணும்." இடம் இல்லை. இருந்த இடத்தில் பாதியை அண்ணாச்சி சேர்த்து வைத்திருந்த பழைய சினிமாப் படங்கள் அடைத்துக்கொண்டிருந்தன, அவற்றில் ஒன்றைக்கூட அழிக்க அவர் சம்மதிக்கவில்லை. பால்ராஜ் வந்துபோன பிறகோ, சரிசெய்கிற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

ஏனென்றால் அடுத்த நாளிலிருந்து கடை வாசலில் கூட்டம். ஃபைலைத் தேடினால் ஆள் வருகிறது என்ற சேதி பஜாரில் கிளம்பி, தெப்பக்குளத்தைச் சுற்றி, மேலத்தெரு போய்க் கீழத்தெரு வந்து, பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டு அடுப்படியிலும் நுழைந்துவிட்டது. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பெட்டிக்கு எவ்வளவு செய்திருக்கிறோம், ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைக்கிறோம், இதுகூடச் செய்யாதா என்பதுபோல வந்தார்கள். டாஸ்மாக் போன புருஷனைத் தேடி மனைவிமார் வந்தார்கள். பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுக் குளத்தங்கரையில் கிடக்கும் பிள்ளைகளைத் தேடித் தலைமையாசிரியர் வந்தார். வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டும் பிளம்பரைத் தேடி ஊரில் பாதிப் பேர் வந்தார்கள், அவரும் எல்லோருக்கும் வந்தார், ஒரே நாளில் இருபது வீட்டுக் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றையும் முடிக்காமல் நடந்தபடியே இருந்தார்.

தேடுகிறபோது திரையில் ஒரு சின்ன நீல வட்டம் சுற்றும். அது சுற்றுகிற வரைக்கும் தேடப்பட்டவரின் உள்ளங்கால் நமைக்கும், நிற்கவிடாது, உட்காரவிடாது, கடை இருக்கும் திசையைப் பார்த்து நடந்தால் கொஞ்சம் அடங்கும், எதிர்த்திசையில் அடி வைத்தால் பிடுங்கித் தின்னும். வாசலை மிதித்ததும் வட்டம் நின்றுவிடும், காலும் நின்றுவிடும். செத்துப்போனவர்கள் பேரைப் போட்டால் வட்டமே வராது, "எதுவும் இல்லை" என்று வெறும் வெள்ளைத் திரைதான். வட்டத்தின் இந்தக் கணக்கை முத்துப்பேச்சி மட்டுமே கவனித்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. திரைக்கு முன்னால் உட்காருகிறவள் அவள்தானே.

முள்ளிக்கோட்டையில் முருகன்கள் மலிந்து கிடந்ததால், கடையில் ஃபைலுக்கு அடையாளப் பேர் சேர்த்து வைக்கிற வழக்கம் இருந்தது: பால்வண்டி முருகன், ஒத்தக்கடை முருகன், சிரிக்காத முருகன். இதை மறந்துபோன தவசிக்கனி அண்ணாச்சி, ஒருநாள் பேச்சி டீ குடிக்கப் போன நேரத்தில் தானே உட்கார்ந்து வெறுமனே முருகன் என்று தட்டிவைத்தார். மூலைக்கு மூலை கிளம்பி வந்த முருகன்களில் ஒருவர் தென்னை மரத்தில் பாதியில் இருந்தவர், ஒருவர் மாப்பிள்ளைக் கோலத்தில் தாலியைக் கையில் பிடித்திருந்தவர். தாலியோடு வந்த முருகனின் பின்னால் மணப்பெண்ணும், அவள் பின்னால் நாதஸ்வரமும் வந்துவிட, நல்ல நேரம் போய்விடும் என்று பெரியவர்கள் பதற, நிலா பிளக்ஸ் வாசலிலேயே தாலி ஏறியது. அண்ணாச்சி தன் செலவில் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்துத் தப்பித்தார்.

தேடித் தேடி ஊருக்கு உட்காரும் பழக்கமே போய்விட்டது. எந்நேரம் யார் தேடுவார்களோ என்று ஆட்கள் நின்றபடியே சாப்பிட்டார்கள், நின்றபடியே பீடி பற்ற வைத்தார்கள், சினிமாக் கொட்டகையில் ஓரத்து நாற்காலிக்கு அடிபிடி நடந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி மச்சில் போட்டார். செருப்புத் தைக்கிறவருக்குக் கை ஒழியவில்லை. சிலர் வேப்பெண்ணெய் தடவினார்கள், சிலர் காலைக் கட்டிலோடு கட்டிக்கொண்டு கட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். வெளியூரில் வேலைபார்க்கும் பிள்ளைகளைத் தாய்மார் தேட, அவர்கள் நாகர்கோவிலிலும் மதுரையிலும் இருந்தபடிக்குக் கிளம்பி பஸ் ஏறினார்கள். வெறுங்காலோடு ஏறுகிறவரைப் பார்த்தால் கண்டக்டர்கள் எந்த ஊர் என்று கேட்பதையே விட்டுவிட்டு, "முள்ளிக்கோட்டையா?" என்று டிக்கெட்டைக் கிழித்தார்கள். டெய்லர் ஞானமுத்து மட்டும் தன் ஃபைலை அழிக்கச் சொல்லி அடம்பிடித்து அழித்துக்கொண்டார். அது வினையாகிவிட்டது. அவரை யாரோ தேட, இல்லாத ஃபைலுக்காக வட்டம் நிற்காமல் சுற்ற, மனுஷர் வாசலுக்கு வந்தும் கால் நிற்காமல் கடையையே பிரதட்சிணம் வந்துகொண்டிருந்தார், கரண்ட் போனபிறகுதான் உட்கார்ந்தார்.

பாலாஜி லாட்ஜ் வாட்ச்மேன் அருளப்பனுக்கு வேறு குறை. அவர் ஒரு சாயங்காலம் கூட்டம் கலைந்தபிறகு வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"யாரத் தேடணும் அண்ணாச்சி?" என்றாள் பேச்சி.

"யாரையுமில்ல தாயி. எல்லாரையும் யாராச்சும் தேடுதாங்க. என்னைய இதுவரைக்கும் ஒருத்தரும் தேடல. நீ ஒருக்கா என் பேரப் போட்டுப் பாரேன்."

"நீங்க இங்கனதான நிக்கியோ?"

"நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருதேன். அங்க போனப்புறம் போடு."

அவர் போனார். பேச்சி சிரித்துக்கொண்டே பேரைப் போட்டாள். கொடை பேனரின் கடைசி வரிசையில் நின்றவர்தான், ஆனாலும் வட்டம் சுற்றியது. கொஞ்ச நேரத்தில், அருளப்பன் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "தேடுதாங்க, தேடுதாங்க, நிக்க நேரமில்ல" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். "என்னையத் தேடுனியளா?" என்று கேட்டபோது அந்த மனுஷர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பேச்சியின் சிரிப்பு நின்றுபோனது. அவளுக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்துவிட்டது.

அவளுடைய தங்கை கிருஷ்ணவேணி. அக்காவும் தங்கையும் இதே கடையில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலைபார்த்தவர்கள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்துவிட்ட பேச்சிக்கு டிசைன் வேலையைச் சொல்லிக்கொடுத்ததே வேணிதான். அண்ணாச்சி பின்னால் ஃபைல்களை ஏற்றிய கிளவுட் கணக்கையும் அவள்தான் அந்நாளில் விளையாட்டுப்போலத் தன் பேரில் திறந்து வைத்தாள். பிளக்ஸ் மெஷினுக்கு ஒயரிங் செய்ய வந்த சேவியருக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. அவன் தெரு வேறு, அவள் தெரு வேறு. அந்த இரண்டு தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரு சாக்கடைதான், ஆனால் அதைத் தாண்டியவர் கதை என்னவாகும் என்று முள்ளிக்கோட்டையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருநாள் வேலைக்கு வருவதுபோலக் கிளம்பியவள் வரவில்லை.

அப்போது தாய்மாமன் கொம்பையா பம்பாயிலிருந்து வந்து இறங்கினார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வேணியைத் தன் மகனுக்குக் கட்டுவதென்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே சொல்லி வைத்திருந்தவர். தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றதும், இந்தப் பக்கத்தில் மானம் போனவர்கள் செய்கிறதைச் செய்தார்: உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் கட்டச் சொன்னார். ஊரிலேயே பெரிய பிளக்ஸாக இருக்கவேண்டும் என்றார். டிசைன் போடச் சொன்னது பேச்சியை. பேச்சி போட்டாள். கொடையன்று பச்சைப் பாவாடை தாவணியில் சிரித்த படத்தை எடுத்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, தோற்றம் என்று பிறந்த தேதியையும் மறைவு என்று அவள் வீட்டைவிட்டுப் போன தேதியையும் தட்டினாள். கை நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாதது. அன்றைக்கு மாமா அம்மாவிடம், "அக்கா, இனிமே யாரு கேட்டாலும் உனக்கு ஒரு மகதான்" என்று சொன்னார். அம்மாவும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டாள். எத்தனை பிள்ளைகள் என்று ரேஷன் கடையில் கேட்டாலும் ஒன்று, ஆஸ்பத்திரியில் கேட்டாலும் ஒன்று. பஸ் ஸ்டாண்டு வழியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டாள்.

இப்போது ஊரே ஊரைத் தேடிக்கொண்டிருக்கும்போது பேச்சியின் விரல் என்ன செய்யும்? கடை திறந்ததும் கி என்று தட்டும், உடனே அழிக்கும். மத்தியானம் கிரு என்று தட்டும், அழிக்கும். ஒரே ஒரு தடவை முழுப் பேரையும் தட்டிவிட்டாள். வெள்ளைத் திரைதான் வரப்போகிறது என்று நினைத்தாள். நீல வட்டம் சுற்றியது. ஒரு சுற்று, அவ்வளவுதான், பட்டென்று மூடிவிட்டாள். இருக்கிறாள்! எங்கேயோ ஒரு வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னாலிருந்து எழுந்து நின்றிருப்பாள், ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்திருப்பாள். பேச்சி அன்றைக்கு முழுக்கக் காரணமில்லாமல் எல்லோரிடமும் சிரித்தாள்.

அம்மாவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"ஒருக்காத் தேடுட்டி," என்றாள் அம்மா. "வாசல்ல வந்து நிக்கட்டும். மொகத்தப் பாத்துட்டு அனுப்பிருதேன்."

"வந்தா திரும்பிப் போவ விடுவாங்களாம்மா? இந்த ஊருக்குள்ள அவ கால் வச்சா என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கேன், வேற வழி இல்லாமத்தான் கேக்கேன்."

அதன்பிறகு அம்மா தினமும் சாயங்காலம் தெருமுனை வரை போய் நின்றுவிட்டு வந்தாள், பேச்சி மனசு மாறித் தேடிவிட்டால் முதலில் பார்ப்பது தானாக இருக்கவேண்டும் என்று.

ஆவணிக் கொடைக்கு மாமா ஊருக்கு வந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கி டீ குடிப்பதற்குள் சேதி அவர் காதுக்கு வந்துவிட்டது. வீட்டில் நின்ற தன் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். பைக்கை வாசலை அடைத்தாற்போல நிறுத்தினார். அதன் பக்கவாட்டுப் பையில் சாக்கில் சுற்றி வைத்திருந்தது என்னவென்று கேட்கிற அளவுக்கு ஊரில் யாரும் குழந்தையில்லை.

"ஆளத் தேடிக் குடுக்குதாம்ல ஒன் பெட்டி?" என்றார் தவசிக்கனியிடம்.

"எப்பவாச்சும் வரும், எப்பவாச்சும் வராது மச்சான்," என்று அண்ணாச்சி மென்று விழுங்கினார்.

"நாளைக்குக் கோயில்ல படையல். மத்தியானம் சாப்பிட்டுட்டு வாரேன். அவ பேரப் போடு. வரட்டும். சாமிக்கு முன்னாலயே முடிச்சிருவோம்." பேச்சியின் பக்கம் திரும்பினார். "நீதான் போடணும் மருமவளே. அன்னைக்கும் நீதான போட்ட."

பேச்சி தலையாட்டினாள். வேறென்ன செய்யமுடியும்? பேச்சி மாட்டேன் என்றால் வேறு யாராவது தட்டுவார்கள். ஃபைலை அழித்தால் டெய்லருக்கு ஆனதுதான் வேணிக்கும் ஆகும், நிற்காத காலோடு அலைவாள். கம்ப்யூட்டரை உடைத்தால் இன்னொன்று வாங்க மாமாவிடம் காசு இருக்கிறது. செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம், அது முதல் நாளே ஹென்றி சொல்லிவிட்டுப் போனது. தேடினால் ஃபைல் கிடைத்துவிட வேண்டும். ஃபைல் கிடைத்துவிட்டால் ஆளைத் தேடி எதற்கு யார் கால் நடக்கப்போகிறது?

மறுநாள் காலையில் அண்ணாச்சி கொடைக்கு ஆடு பார்க்கப் போயிருந்தார். பேச்சி கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அவருடைய சினிமாப் படங்களை, கறுப்பு வெள்ளையில் தொடங்கிக் கலர் வரைக்கும், ஒரே மூச்சில் அழித்தாள். பிறகு ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, எப்பவும் இந்தக் கம்ப்யூட்டரிலேயே வை என்று கொடுத்தாள். ஊர் மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது. மேகம் மறைந்து பச்சை டிக், மேகம் மறைந்து பச்சை டிக். வாசலில் வழக்கமான கூட்டம் தேடச் சொல்லி நச்சரித்தது. "நெட்டு மந்தம், கொஞ்சம் பொறுங்க" என்று எல்லோரையும் நிறுத்தி வைத்தாள். பெரிய ஃபைல்கள் கடைசியில்தான் இறங்கும்போல இருந்தது. எல்லாவற்றிலும் பெரியது எது என்று அவளுக்குத் தெரியும், ஊரிலேயே பெரியதாக இருக்கவேண்டும் என்று சொல்லிச் செய்த பிளக்ஸ் அது. பேச்சிக்கு உட்கார முடியவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், வாசலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவளை யாரும் தேடவில்லை, ஆனாலும் கால் தரிக்கவில்லை.

அஞ்சலி ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். செத்தவர்களின் ஃபைலை யாரும் திரும்பத் தொடுவதில்லை, எல்லாவற்றுக்கும் எதிரே பழைய தேதிதான். கிருஷ்ணவேணிக்கு எதிரே மட்டும் போன வாரத்துத் தேதி. யாரோ திறந்து, ஏதோ மாற்றி, மூடியிருக்கிறார்கள். இந்தக் கடையில் அந்த ஃபைலைத் திறக்க யாருக்கும் தைரியம் கிடையாது. கணக்கு யார் பேரில் இருக்கிறது என்பது பேச்சிக்கு ஞாபகம் வந்தது. அப்படியென்றால் எங்கேயோ ஒரு கடையில், வேறொரு கம்ப்யூட்டரில், இதே பட்டியல், இதே மேகப் படங்கள். அப்படியென்றால் அவள் பார்த்துவிட்டாள். மாலை போட்ட தன் படத்தை, அக்கா கை போட்ட டிசைன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளக்கூடியவள், பார்த்துவிட்டாள். பேச்சி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கூட்டத்தில் ஒருத்தி, "என்னக்கா, பல்வலியா?" என்று கேட்டாள்.

கடைசி ஃபைலின் மேகம் மறையவும், தேடல் அட்டவணையை மறுபடி கட்டச் சொல்லி அது கட்டி முடிக்கவும், வாசலில் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கொம்பையா மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கூட்டம் விலகி, ஆனால் போய்விடாமல், சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆட்டுக் கயிறும் கையுமாக அண்ணாச்சியும் வந்துவிட்டார்.

"போடு."

பேச்சி போட்டாள். கிருஷ்ணவேணி. இந்தமுறை கை நடுங்கியது. நீல வட்டம் வரவில்லை. திரையில் ஃபைல் வந்தது. அவள் தொடுவதற்குள் மாமா கையை நீட்டித் தானே தட்டித் திறந்தார். பச்சைத் தாவணி, மாலை, குத்துவிளக்கு, சிரிப்பு. மாமா வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். படையல் மேளம் தொடங்கி, ஓங்கி, அடங்கியது. பஸ்கள் வந்தன, போயின. இறங்கியவர்கள் எல்லோரும் செருப்போடு இறங்கித் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

"ஏன் வரல?" என்று அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

சுவரோரமாக நின்றிருந்த வாட்ச்மேன் அருளப்பன்தான் சொன்னார், நல்ல மனுஷர், ஆறுதலாகத்தான் சொன்னார்: "செத்தவுக வர மாட்டாக அய்யா. நாங்க எத்தன பேரத் தேடிப் பாத்திருக்கோம்."

மாமா திரும்பித் திரையைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் அதைப் பனை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டு, பம்பாய்க்குப் போய்த் தன் மிட்டாய்க் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த அந்த மனுஷர், அந்தப் படத்தை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்ப்பவர்போலப் பார்த்தார். ஊரில் பல நாளாக யாரும் உட்காராத தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "ஏ தாயி, தொட்டில்ல கெடக்கயில என் வெரலப் பிடிச்சிட்டு விட மாட்டாளே" என்று அழுதார். பேச்சிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இருக்கிறாள் மாமா, உயிரோடு இருக்கிறாள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாசலில் நின்ற பைக்கையும் அதன் பையில் நீட்டிக்கொண்டிருந்த சாக்கையும் பார்த்தாள். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனபிறகு அவள் ஃபைலை மூடப் போனாள். அப்போதுதான் கீழ் வரியைப் பார்த்தாள். தோற்றம் இருந்தது, பிறந்த தேதி இருந்தது. மறைவு என்ற சொல்லும் அதன் பக்கத்துத் தேதியும் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, சுத்தமாகத் துடைத்திருந்தது. அங்கே மாமாவின் கண் போகவில்லை, அவர் முகத்தோடு நின்றுவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் யாரைத் தேடினாலும் அவரவர் படம்தான் வந்தது. புருஷன்மார் டாஸ்மாக்கிலேயே இருந்தார்கள், பிளம்பர் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஒரு குழாயை முழுசாக முடித்தார். டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு மச்சிலிருந்து பெஞ்சை இறக்கினார். வந்ததற்குக் காரணம் கேட்காத ஊர் போனதற்கும் கேட்கவில்லை. தவசிக்கனி அண்ணாச்சி மட்டும், "என் படத்தையெல்லாம் காணோமே பேச்சி" என்று கம்ப்யூட்டரைத் துழாவிக்கொண்டிருந்தார்.

பேச்சி அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள். இடது உள்ளங்காலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்துத் தட்டினாள். வலது காலிலும் எடுத்தது. திரையைப் பார்த்தாள், அண்ணாச்சி ஒன்றும் தேடவில்லை, வட்டம் எங்கேயும் இல்லை. இங்கே இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள், கால் தானாகத் தெருவில் இறங்கிற்று, செருப்பு கடைக்குள்ளேயே கிடந்தது.

தெருமுனையில் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள், மாவு அரைத்த கை கழுவாமல், வெறுங்காலோடு.

"ஏட்டி பேச்சி, காலு நிக்க மாட்டேங்குட்டி! எவ்வளவு தேய்ச்சும் நிக்க மாட்டேங்கு!"

"நிக்காதும்மா. வா."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தார்கள். அஞ்சலி பிளக்ஸ் கட்டியிருந்த அந்த இரும்புக் கம்பத்தைக் கடக்கும்போது அம்மா தலை குனியவில்லை. மதுரை பஸ்ஸைத் தாண்டியது கால், தூத்துக்குடி பஸ்ஸைத் தாண்டியது, திருப்பூர் பஸ்ஸின் படியில் ஏறியதும் நமைச்சல் கொஞ்சம் தணிந்து இதமாக இருந்தது. வண்டி நகர்ந்தது. கண்டக்டர் வந்தார், அவர்களுடைய காலைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார்.

"தேடுதாங்களாக்கும்? ஆனா தேடுனா முள்ளிக்கோட்டைக்கு வரத்தான் நான் பாத்திருக்கேன். முள்ளிக்கோட்டையிலருந்து போறவுகள இப்பத்தான் பாக்கேன். யாரு தேடுதா?"

"எம் மவ," என்றாள் அம்மா.

கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியைப் பார்த்துவிட்டு, "இந்தா பக்கத்துலயே இருக்காளே, ஒங்க மவ?" என்றார்.

அம்மா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ரெண்டு மவய்யா," என்றாள்.